தும்புத்தடி, அறைக்கு ஒன்று

இப்போது ஆட்கள் வாயால் எதையும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் போனில் அனுப்பிவிடுகிறார்கள். கல்யாணமா, போனில். சாவா, அதுவும் போனில், கீழே கைகூப்பிய படம் ஒன்றோடு. கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் திகன டவுனில் எதிரே வருகிறவன் தலையாட்டுகிறானே என்று நானும் ஆட்டினால், அவன் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு வேறு எவனோடோ பேசிக்கொண்டு போகிறான். ஒன்றைச் சொல்கிறவன் முன்னால் வந்து நிற்க வேண்டும். திருப்பிக் கேட்டால் முழிக்கிறானா என்று நான் பார்க்க வேண்டும். அப்படி நிற்காதவன் சொன்னதை நான் நம்புவதில்லை.

யாழ்ப்பாணத்துக் கம்பஸ் விடுதிக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று என் பேத்திக்கு வந்த லிஸ்ட்டும் போனில்தான் வந்தது. வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறு காலையில் அவள் பஸ் ஏற வேண்டும்.

பேத்தி நடாஷா, என் மகள் மேபலின் ஒரே பிள்ளை. அப்பன் பிறையன் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். முதல் தடவை அவளுக்கு அம்மை போட்டது. இரண்டாம் தடவை கொஞ்சத்தில் தவறியது. மூன்றாம் தடவையில்தான் கம்பஸ் கிடைத்தது. திங்கட்கிழமை போய்ப் பதியாவிட்டால் இடம் போய்விடும். நாலாம் தடவை என்று ஒன்று கிடையாது.

விடுதியில் ஆளுக்கு இரண்டு பேக்தான் வைக்கலாமாம். அவள் இரண்டையும் அடைத்து, மேலே ஏறி உட்கார்ந்து சிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் பல்லேகலயில் ஒரு தையல் பெக்டரி வாசலில் இருபத்தாறு வருஷம் செக்யூரிட்டியாக நின்றவன். எத்தனையோ ஆயிரம் பேக் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து மூடுகிற பேக் எதுவும் யோக்கியமான பேக் அல்ல.

"தொற," என்றேன்.

"தாத்தா, இது என் பேக்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. கட்டில்ல கொட்டு."

கொட்டினாள். பதினொரு சோடி தோடு. ஒரு பொம்மைக் கரடி. தண்ணீர் கொதிக்கவைக்கிற கரண்ட் கேத்தல், விடுதியில் அது கூடாது என்று லிஸ்ட்டிலேயே போட்டிருக்கிறது. இடுக்கி மாதிரி ஒரு சாமானும் இருந்தது.

"இது என்னத்துக்கு?"

"முடிய நேராக்குறதுக்கு."

"ஒன் முடி நேராத்தானே இருக்கு?"

"இதாலதான் தாத்தா நேரா இருக்கு."

மேபல் அந்தோனியார் சுரூபம் ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து கொட்டினதுக்கு நடுவில் வைத்தாள். லிஸ்ட்டில் பூட்டு இரண்டு கேட்டிருந்தார்கள். காணாமல் போன சாமானைத் தேடித் தருகிறவர் கூடவே போகிறார் என்றால் பூட்டு எதற்கு, பூட்டு இரண்டு போகிறது என்றால் இவர் எதற்கு என்று கேட்டேன். மேபல் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் என் பங்குக்கு ஒரு கம்பளியைக் கொண்டுவந்து வைத்தேன்.

"யாழ்ப்பாணத்துல கம்பளியா? அங்க வெயில்ல ஆளு வெந்துபோவாங்க தாத்தா."

"நீ போயிருக்கியா?"

"நீங்க போயிருக்கீங்களா?"

நானும் போனதில்லை. அதற்காக அங்கே குளிராது என்று ஆகிவிடாது. நான் பிறந்த ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலும் பகலில் வெயில் அடிக்கத்தான் செய்தது. ராத்திரியில் பல் கிட்டிப்போகும்.

லிஸ்ட்டை வாசி என்றேன். அவள் வாசிக்க, மேபல் சாமானை எடுத்து வைத்தாள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் எழுதியிருந்தாலும் கஷ்டமாக இல்லை. ஆமைப்பூட்டு என்றிருந்தது. கடைப் பூட்டைச் சிங்களத்திலும் ஆமை என்றுதான் சொல்கிறார்கள். பிறகு வாளி, கொசுவுக்கு நுளம்பு வலை, தலைக்குத் தலையணி. ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் விளங்கியது. அப்படியே கடைசி வரிக்கு வந்தோம்.

"தும்புத்தடி, அறைக்கு ஒன்று."

"அது என்னடி?" என்றாள் மேபல்.

நடாஷா போனில் அந்தச் சொல்லை அடித்துப் பார்த்தாள். போன் அதைத் தும்பிக்கை என்று தானே மாற்றிக்கொண்டு ஒரு யானையைக் காட்டியது.

"கூடப் போற பிள்ளைங்க யாருகிட்டயாவது கேளேன்."

"குரூப்புல சீனியர்மாரும் இருக்காங்கம்மா. மொத நாளே இப்பிடி ஒண்ணு கேட்டா அதையே பட்டமா வச்சிருவாங்க. நாலு வருஷமும் நான் தும்புத்தடிதான்."

நான் யோசித்தேன். ஆமைப்பூட்டைப் பிரித்த மாதிரியே இதையும் பிரித்தேன். தடி என்றால் தடி. தும்பு தும்பாகப் போகும்வரைக்கும் எதால் அடிக்கிறோமோ அது தும்புத்தடி. வேறு எப்படிப் பிரித்தாலும் எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை.

"அறைக்கு ஒரு தடி கொண்டாரச் சொல்லியிருக்கான்," என்றேன். "கள்ளன் வந்தா அடிக்க. அவங்களால காவல் போட ஏலாது, பிள்ளைங்களையே பாத்துக்கச் சொல்றாங்க. பெக்டரியில எங்களுக்கே ஒரு பிரம்புதான் குடுத்தான். இங்க பொம்பளப் பிள்ளைங்களுக்கு அறைக்கு ஒண்ணு. அந்த எடம் எப்பிடி இருக்கும்னு யோசிச்சுக்க."

அதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். மேபல் ஏற்கனவே அரை மனதாகத்தான் இருந்தாள். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"நடா, நீ போகவேணாம்."

"அம்மா!"

"கண்டியிலயே ஏதாவது கோர்ஸ் இருக்கும். அப்பாகிட்ட நான் பேசுறேன்."

"மூணு தரம் எழுதினேம்மா! ஒரு சொல்லுக்காகவா?"

"தடி கேக்குற எடத்துக்கு நான் பிள்ளைய அனுப்பமாட்டேன்."

நடாஷா மேபலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பெக்டரியில் பேக்கைத் திறக்கச் சொன்னால் பெட்டைப் பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஆனாலும் அன்று சாப்பாட்டுக்கு நான் அவள் எதிரே உட்காரவில்லை.

போகட்டும், கொடுத்து அனுப்புவதென்றால் நல்ல தடியாகக் கொடுப்போம், அப்போது மேபலும் இறங்கி வருவாள் என்று சனிக்கிழமை காலையில் திகனயில் ஜவாஹிரின் சாமான் கடைக்குப் போனேன். மண்வெட்டிப் பிடி ஒன்று வேண்டும், பாரமாக இருக்கக்கூடாது, பெண்பிள்ளையின் கைக்கு அடங்க வேண்டும் என்றேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு மம்பட்டிப் பிடியா? என்னத்துக்கு கிறகரி? செல்லுங்களேன்."

சொன்னேன். ஜவாஹிர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தான். பிறகு உள்ளே போய், நீளமான தடியின் நுனியில் தேங்காய்த் தும்பு கட்டின விளக்குமாறு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினான்.

"இந்தாங்க ஒங்கட ஆயுதம். நான் அந்தக் காலம் ரெண்டு வருஷம் யாழ்ப்பாணத்துல கடையில நிண்டவன். அங்க இதுக்குத்தான் தும்புத்தடி எண்டு செல்லுவாங்க. வீடு கூட்டுறதுக்கு."

"வெளக்கமாத்துக்கு எவனாவது தடின்னு பேரு வைப்பானா?"

"அத என்கிட்ட கேட்டு வெக்கல்லயே!"

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவனிடம் அந்த விளக்குமாறு ஒரு கட்டே கிடந்தது. ஆனாலும் வாங்கினேன். பஸ்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் இரண்டு பேரின் மூக்கில் இடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மேபலிடம் விஷயத்தைச் சொன்னேன். இருபத்தாறு வருஷத்தில் பெரிய மெனேஜரிடம்கூட நான் சொன்னது பிழை என்று சொல்லாதவன். இப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. விசாரித்ததில் இது கூட்டுகிற சாமான் என்று தெரியவந்தது என்று மட்டும் சொன்னேன்.

மேபல் விளக்குமாற்றை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்த ஜவாஹிர் நானா ஒரு கடைக்காரரு. அவருகிட்ட எது கெடக்கோ அதத்தான் அதுன்னு சொல்லுவாரு."

"அவன் யாழ்ப்பாணத்துல இருந்தவன்."

"அத நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"முன்னால நின்னு சொன்னாலும் விக்கிறவன் பேச்ச நம்பாதன்னு சின்ன வயசுல இருந்து சொல்லித் தந்தது யாரு? நீங்கதானேப்பா? நேத்து தடின்னீங்க, இன்னைக்கு வெளக்கமாறுங்கிறீங்க. இவ மொகத்த பாத்து மனசு மாறிட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

என்னிடமிருந்து போன புத்தி என்னிடமே திரும்பி வந்து நின்றது. அதை உடைக்க எனக்கு வழி தெரியவில்லை. நடாஷா மூலையில் பொம்மைக் கரடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டின சாமான் கொட்டினபடியே கட்டிலில் கிடந்தது.

"அந்த லிஸ்ட்டுல கீழ ஒரு நம்பர் இருந்துச்சே. அத அடி," என்றேன்.

"தாத்தா, அது வார்டன்ட நம்பர்!"

"அடி. மேபலுக்கும் கேக்குற மாதிரி சத்தமா வை."

ஒரு பொம்பளை எடுத்தாள்.

"ஹலோ, விடுதி."

"அம்மா, நீங்க அனுப்புன லிஸ்ட்டுல தும்புத்தடின்னு இருக்கு. அது அடிக்கிறதுக்கா, கூட்டுறதுக்கா?"

நடாஷா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன ஐயா கேக்கிறியள்?"

"அடிக்கவா, கூட்டவா?"

"கூட்டத்தான் ஐயா. வேற என்னத்துக்கு?"

"அப்ப தடின்னு ஏன் போட்டீங்க?"

"தடியில தும்பு கட்டிக் கிடக்கெல்லோ, அதுதான்." பக்கத்தில் இருந்த யாருக்கோ அவள் விஷயத்தைச் சொல்வதும், அங்கே இரண்டு மூன்று பேர் கொல்லென்று சிரிப்பதும் கேட்டது. "ஐயா, நாலு பிள்ளையளுக்கு ஒரு அறை. ஆளாளுக்குக் காவிக்கொண்டு வரத் தேவையில்லை. இஞ்சயே கடையில வாங்கலாம். நீங்கள் எந்த ஊர்? பிள்ளையின்ர பேர் என்ன?"

நடாஷா இரண்டு கைகளையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எனக்கு அது அவசியமே இல்லை. போனில் கேட்கிறவனுக்கு நான் எந்தக் காலத்திலும் உண்மையான பேரைச் சொன்னதில்லை.

"பதுளை," என்றேன். "பேரு ஹலீம்."

"பிள்ளையின்ர பேரோ?"

"என் பேரு."

"அப்ப பிள்ளை?"

"பிள்ளை இன்னும் பொறக்கல. முன்கூட்டியே விசாரிச்சு வைக்கிறோம்."

வைத்துவிட்டேன். முதலில் மேபல்தான் சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தப் பொம்பளைகள் சிரித்த சிரிப்பைக் கேட்டபிறகு அவளுக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்கிறேன். அப்படிச் சிரிக்கிற இடத்தில் கள்ளன் வரமாட்டான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். வருவான். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் வருவான். அதைச் சொல்லாமல் வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"சரி, அடுக்கு," என்றாள் மேபல். "விடிய பஸ்."

நடாஷா தானே அடுக்கினாள். என்னைக் கிட்ட வர விடவில்லை. முடி இடுக்கி உள்ளே போனது. பொம்மைக் கரடி போனது. தோட்டில் மூன்று சோடியை எடுத்துக்கொண்டு மீதியை மேபலின் அலுமாரியில் வைத்தாள். கேத்தலையும் கம்பளியையும் வெளியே தள்ளினாள். அந்தோனியாரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள், பூட்டுக்குப் பக்கத்திலேயே. விளக்குமாறு எங்கள் வீட்டைக் கூட்டட்டும் என்று சொல்லிவிட்டாள். சிப் இந்தத் தடவை உட்காராமலேயே மூடியது.

ஞாயிறு காலையில் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் யாழ்ப்பாண பஸ் நின்றது. கொண்டக்டர் பேக் இரண்டையும் எடுத்து பஸ்ஸின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் எறிந்தான். எறியாதே, சாமி இருக்கிறது என்றேன். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. நடாஷா ஜன்னலோரம் உட்கார்ந்து கையைக் காட்டினாள்.

"தாத்தா! போனதும் மொத வேலையா என்ன வாங்குவேன் தெரியுமா?"

"என்ன?"

"தடி!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெட்டை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நடாஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நில்லுங்கப்பா, பஸ் எடுக்கட்டும்," என்றாள் மேபல்.

"அது எடுக்கும்போது எடுக்கும்," என்று சொல்லிவிட்டு நான் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கமாக நடந்தேன். கூட்டுவதற்குத்தான் என்று அந்தப் பொம்பளை சொன்னாள், மேபல் நம்பிவிட்டாள். தூசு தட்டுகிற சாமானுக்கு அவ்வளவு நீளத்தில் தடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன், அவள் பேரைக் கேட்டதில் மறந்துவிட்டது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. நான் திரும்பாமல் பாதையைக் கடந்தேன்.