கொசு அறையில் ஒரு தும்மல்

மனித குலத்துக்கும் கொசுக் குலத்துக்கும் காலங்காலமாக நடந்துவரும் பெரும்போரின் போக்கையே மாற்றிய ஒரு தும்மலைப் பற்றி உலகம் இதுவரை அறியாமல் இருப்பது பெருங்குறை. அந்தக் குறை இன்றோடு தீர்கிறது. தும்மல் ஒரு திங்கட்கிழமை காலையில், கொசு ஆராய்ச்சி நிலையத்தின் கூண்டறையில் நிகழ்ந்தது. தும்மியவர் கைக்காரர்.

கைக்காரர் என்பது நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர். ஆராய்ச்சிக்குக் கொசு வேண்டும். கொசு வேண்டுமென்றால் முட்டை வேண்டும். முட்டை வேண்டுமென்றால் பெண் கொசு வயிறு முட்ட ரத்தம் குடித்தாக வேண்டும். கூண்டறையில் வலைத்துணியால் மூடிய கூண்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முகப்பிலும் சட்டைக் கை மாதிரி ஒரு துணிக்குழாய் தொங்கும். அதற்குள் முழங்கை வரை கையை விட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த, நோய்நொடி இல்லாத கொசுக்கள். வந்து உட்காரும், குடிக்கும், போகும். இதுதான் உத்தியோகம்.

மற்றவர்கள் கையை விட்டுப் பார்த்ததுண்டு. கை அப்பளம் பொரிந்த மாதிரி தடித்ததும் வெளியே எடுத்துவிட்டார்கள். கைக்காரருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. சின்னச் சின்னப் புள்ளிகள், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதுவும் மறைந்துவிடும். இந்தப் பெருமையை அவர் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. உறவினர் வீடுகளுக்குப் போனால், பேச்சு எதைப் பற்றி இருந்தாலும், சட்டைக் கையை மெதுவாக மடிக்க ஆரம்பித்துவிடுவார். "அறிவியலுக்கு ரத்தம் சிந்தின கை" என்பார். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

"ஊர்ல எல்லாரையும்தான் கொசு கடிக்குது. இவர் ஒருத்தர்தான் அதுக்குச் சம்பளம் வாங்கறார்" என்பது அவர் மனைவியின் கருத்து.

அந்தத் திங்கட்கிழமை, குடித்து முடித்த கொசுக்களை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டு, பழைய கூண்டின் அடியில் செத்துக் காய்ந்து கிடந்தவற்றை ஒரு சின்னத் தூரிகையால் பெருக்கினார். மெல்லிய சாம்பல் நிறத் தூசி எழும்பியது. ஒரு தும்மல். இன்னொன்று. அதற்குப் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, மூச்சு இழுத்தது. அதே நேரம் பார்த்து நிலையத்தின் இயக்குநர் விருந்தினர் சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

இயக்குநர் தேநீரில் சர்க்கரை குறைவு என்பதைக்கூட ஆய்வு முடிவு போல அறிவிக்கக்கூடியவர். கைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "கொசு ஒவ்வாமை" என்று தீர்ப்புச் சொன்னார். மருத்துவரிடம் சோதித்து, கொசுவால் ஆபத்தில்லை என்று தெரியும்வரை கைக்காரர் கூண்டில் கை விடக் கூடாது. ஒருவேளை ஆபத்துதான் என்றால் சரக்கறைக்கு மாற்றம். அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

சரக்கறை என்றால் வாளி, துடைப்பம், கையுறை. அறிவியலுக்கு ரத்தம் சிந்திய கை, இனிமேல் துடைப்பத்தை எண்ணப் போகிறது. கைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷம் கடித்த கொசு கையைக் கண்டுகொள்ளாமல் மூக்கை ஏன் பிடிக்க வேண்டும்?

குழப்பத்துக்கு இன்னொரு முனையும் இருந்தது. வீட்டிலும் தும்மல் இருந்தது. சில மாதங்களாகவே காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் முதலில் மூக்கு அரிக்கும், பிறகு வீடே அதிரும். அந்த அறையில் கொசு கிடையாது, சன்னலுக்கெல்லாம் வலை. அங்கே இருந்தது மெத்தை. மனைவியின் அப்பா கடைசிவரை படுத்திருந்த பஞ்சு மெத்தை. அவர் போன பிறகு மைத்துனன் ஒரு வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். தட்டினால் புகை கிளம்பும். கைக்காரர் இதைப் பற்றி ஒரு முறை வாயைத் திறந்தார். "எங்கப்பா மேல ஏன் பழியைப் போடறீங்க? சட்டையில கொசுவை ஒட்டிக்கிட்டு வர்றது நீங்க" என்று பதில் வந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டார். மூக்கை மட்டும் மூட முடியவில்லை.

ஆக, வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. குற்றவாளி மெத்தை என்றால் அவர் வேலை பிழைக்கும். குற்றவாளி கொசு என்றால் அவள் மெத்தை பிழைக்கும். தீர்ப்புக் கேட்க இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் போனார்கள்.

மருத்துவர் இளம்பெண். கையை நீட்டச் சொன்னார். கைக்காரர் இடக்கையை நீட்டினார். வலக்கை அலுவலகக் கை என்றார். மருத்துவர் இடக்கையிலேயே, ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் சாறுகளை வரிசையாகச் சொட்டுகளாக வைத்து, ஒவ்வொரு சொட்டிலும் ஊசி முனையால் லேசாகக் கீறினார். கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். உள்ளே திரும்பி வந்தபோது இரண்டு சொட்டுகள் வைத்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. ஒன்று வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி. இன்னொன்று கொசு.

கைக்காரர் தன் கையையே யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார். கொசுவுக்கு அவர் கை தடிப்பதா?

"கொசுதான்னு நான் சொன்னேன்ல" என்றாள் மனைவி.

"உண்ணியும்தான் தடிச்சிருக்கு, பார்" என்றார் அவர்.

மருத்துவர் இருவரையும் அடக்கிவிட்டு விளக்க ஆரம்பித்தார். தூசி உண்ணி கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணை, திரைச்சீலை இங்கெல்லாம் குடியிருக்கும். நம் தோலிலிருந்து உதிர்வதைத் தின்று பிழைக்கும். அதன் உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே புரதம் கொசுவின் உடம்பிலும் இருக்கிறது.

"ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா ஜாடை ஒண்ணு. உங்க உடம்புக்கு முதல்ல ஆகாமப் போனது உண்ணின்னுதான் தோணுது. அப்புறம் கொசுத் தூசி மூக்குல போனதும், உடம்பு ஜாடையைப் பார்த்து ஏமாந்து அதையும் அடிக்குது."

"ஆனா கொசு கடிச்சா எனக்கு ஒண்ணும் ஆகலையே, டாக்டர்."

"கடிக்கும்போது உள்ள போறது எச்சில். அது வேற சமாசாரம், அது உங்களுக்குப் பழகிடுச்சு. இந்தச் சொட்டுல இருக்கறது முழுக் கொசுவையும் அரைச்சு எடுத்த சாறு. கூண்டைப் பெருக்கும்போது செத்த கொசு பொடியாகி மூக்குல ஏறுதில்ல, அதுவும் இதே மாதிரிதான்."

கைக்காரர் யோசித்தார். "அப்ப உசிரோட இருக்கற கொசு நல்லது. செத்த கொசுதான் கெட்டது."

"உங்க விஷயத்துல, கிட்டத்தட்ட."

"இத்தனை நாளா உலகம் இதைத் தலைகீழா நினைச்சிட்டிருக்கே."

மருத்துவர் அடுத்து இறால் சாப்பிட்டால் நாக்கு அரிக்குமா என்று கேட்டார். கரப்பான், இறால் எல்லாவற்றுக்கும் இந்த ஜாடை உண்டாம். கைக்காரர் மிரண்டுபோனார். இவ்வளவு பெரிய குடும்பத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. எது முதலில் வந்தது என்று அடித்துச் சொல்லுங்கள் என்று மனைவி கேட்டாள். அப்படி அடித்துச் சொல்ல முடியாது, மெத்தையை மாற்றுங்கள், கொசுக் கூண்டைப் பெருக்குவதை நிறுத்துங்கள், இரண்டும் செய்தால் நல்லது என்றார் மருத்துவர்.

பேருந்தில் திரும்பும்போது ஒரு விசித்திரம் தெரியவந்தது. ஒரே அறையில், ஒரே மருத்துவர் சொன்னதை இருவரும் கேட்டிருந்தார்கள். அவர் காதில் விழுந்தது 'முதலில் உண்ணி.' அவள் காதில் விழுந்தது 'கொசுவையும் அடிக்குது.' பாதி வழியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, மருத்துவர் சொன்னதா, தான் சொல்ல நினைத்ததா என்று.

மைத்துனனிடம் நியாயம் கேட்டார்கள். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஜாடை ஒண்ணுன்னா ஒருத்தனை விட்டுட்டு இன்னொருத்தனை மட்டும் எப்படிப் பிடிக்கறது, மாமா? ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட வேண்டியதுதான்" என்றான். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு உடனே வேறு வேலை ஞாபகம் வந்து கிளம்பிவிட்டான்.

அன்றிலிருந்து கைக்காரர் கூடத்து மரப்பலகையில் படுத்தார். முதுகு பலகையாகிப் போனாலும் காலைத் தும்மல் குறைந்தது. ஒரு நாள் தும்மலே இல்லை. எழுந்து சந்தோஷமாக உள்ளே போய், "பாத்தியா" என்றார். அவள் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து உறையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். அவருக்கு அதற்கு மேல் ஜெயிக்க மனம் வரவில்லை. காபி போட்டாயா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

நிலையத்தில் இயக்குநரிடம் மருத்துவர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். உண்ணி, புரதம், ஜாடை, எச்சில், சாறு. சொல்லச் சொல்ல எது எதற்கு முன்னால் வரும் என்று அவருக்கே பிடிபடவில்லை. இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அதாவது உங்க மெத்தைக்கும் நம்ம கொசுவுக்கும் சொந்தம்கறீங்க."

"தூரத்துச் சொந்தம் சார்."

"இதை நான் ஏற்கெனவே எதிர்பார்த்தேன்" என்றார் இயக்குநர். எதிர்பார்த்தவரின் முகம் அது இல்லை. ஆனாலும் பெரிய மனிதர் புரியவில்லை என்று சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. வெள்ளிக்கிழமை நிலையத்தின் ஆய்வுக் குழு முன்னிலையில் கைக்காரர் கூண்டில் கை விட்டுக் காட்ட வேண்டும், அதைப் பார்த்து முடிவெடுக்கப்படும் என்று உத்தரவானது.

வெள்ளிக்கிழமை காலை அவர் சட்டை எடுக்க அறைக்குள் போனபோது கட்டில் வெறும் சட்டமாக நின்றது. பலகை பலகையாக அடிப்பகுதி தெரிந்தது. அவள் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"மெத்தை எங்க?"

"நேத்து நீங்க வர்றதுக்குள்ள தம்பிகிட்ட குடுத்தனுப்பிட்டேன். யாருக்காவது வேணும்னா குடுத்துடுன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க சட்டையில அந்தத் தூசி இருந்து, அங்க போய்த் தும்மிட்டீங்கன்னா? போய்க் கையைக் காட்டிட்டு வாங்க."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட ஆளுக்குச் சந்தோஷம் ஏன் வரவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. இதற்கு எந்த மருத்துவரும் சொட்டு வைத்துப் பார்க்க முடியாது. "சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன்" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குழு கூண்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. கைக்காரர் முகக்கவசம் மாட்டி, கையை மடித்து, துணிக்குழாயில் விட்டார். கொசுக்கள் வந்தன, உட்கார்ந்தன, குடித்தன. தும்மல் இல்லை, தடிப்பு இல்லை. கையை வெளியே எடுத்துக் காட்டினார். குழு உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சின்னப் புள்ளிகள் மட்டுமே.

இயக்குநர் எழுந்தார். "ஒவ்வாமை கையில் இல்லை, மூக்கில் இருக்கிறது. எனவே கையை அனுமதிக்கலாம், மூக்கை அனுமதிக்க முடியாது. இரண்டும் ஒரே ஊழியரிடம் இருப்பதுதான் நம் முன் உள்ள சிக்கல்." நீண்ட விவாதம் நடந்தது. கைக்காரர் கை மட்டும் விடுவார், முகக்கவசம் கழற்ற மாட்டார், செத்த கொசு பக்கம் போகவே மாட்டார், பெருக்குவதை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவாயிற்று. எல்லோரும் கைகுலுக்கினார்கள், ஜாக்கிரதையாக இடக்கையில்.

குழு கலைந்ததும் அவர் தன் பழைய இடத்துக்குப் போனார். இன்று குழுவுக்காக வைத்திருந்தது ஓரத்தில் இருந்த தனிக் கூண்டு; அவருடைய வரிசை உள்ளே தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கே அவர் உட்காரும் நாற்காலியைக் காணோம். ஒவ்வொரு கூண்டின் மேலும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உட்கார்ந்திருந்தது. அடியில் மெல்லிய தோல் மாதிரி ஏதோ இழுத்துக் கட்டியிருந்தது. பக்கத்துக் குழாயில் வெந்நீர் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சிவப்பாக ஏதோ. கூண்டுக்குள் கொசுக்கள் அந்தத் தோலில் தலைகீழாக அப்பிக்கிடந்தன.

உதவியாளர் பெண் சங்கடத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவர் வராத நாட்களில் கொசு பட்டினி கிடக்கக் கூடாதே என்று இயக்குநர் வரவழைத்த கருவி அது என்றாள். உள்ளே இருப்பது இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் ஆட்டு ரத்தம். இப்போதைக்கு என்றுதான் வாங்கினார்களாம். இனிமேல் இதுவே போதும் என்று இயக்குநர் காலையிலேயே ஊழியர்களிடம் சொல்லிவிட்டாராம். குழு கூடிய பிறகு அதைச் சொன்னால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

கைக்காரர் முகக்கவசத்தைக் கழற்றாமலேயே நின்றார். மடித்த சட்டைக் கை அப்படியே இருந்தது.

"இதுல குடிச்சா முட்டை போடுதாம்மா?"

"போடுது சார்."

"என்னோடது மாதிரியா?"

அவள் குனிந்து கூண்டின் ஓரத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆட்டு ரத்தம் குடித்த கொசுக்கள் கொஞ்சம் கூடுதலாகவே முட்டையிட்டன.