முதல் கால்

இத்தோவின் முற்றத்தில், தறியில் ஏற்றும் நீள இழைகளான பாவு ஓட்டுவதற்கான முளைகளை அடித்தாகிவிட்டது. வெயில் காலம் முழுக்கத் துவைத்துக் காயவைத்து நூற்ற கம்பளி, உருண்டை உருண்டையாகக் கூடையில் இருந்தது. ஒரு முளையருகே மகள் தூதா உட்கார்ந்திருந்தாள். எதிர் முளையருகே பக்கத்து வீட்டு யாம்னா. நூல் உருண்டையும் கையுமாக நடுவில் இத்தோ நின்றாள். ஆனால் ஓர் இழைகூட ஓடவில்லை. முளை அடித்த பிறகு வாசலைத் தாண்டி முதலில் உள்ளே வருவது யார் காலோ, அந்தக் காலின் குணம்தான் நெசவுக்கு. அந்தக் கால் வராமல் நூலைத் தொட அட்லஸ் மலையில் எந்த நெசவுக்காரிக்கும் துணிச்சல் கிடையாது.

இத்தோவுக்கோ அவசரம். மறுநாள் ஆப்பிள் பறிப்பு தொடங்குகிறது. அதற்கப்புறம் உதவிக்கு ஈ காக்கைகூடக் கிடைக்காது. பறிப்பு முடிந்த கையோடு தூதாவுக்குக் கல்யாணம். தாய் நெய்த போர்வை இல்லாமல் பெண் கோவேறு கழுதையில் ஏறினால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பனிக்காலம் முழுவதும் வேறு எதையும் மெல்லமாட்டார்கள்.

ஆகவே அவள் காலைத் தேர்ந்தெடுத்தே சொல்லி அனுப்பியிருந்தாள். மேலத்தெரு ரப்ஹாவின் கால். ஓடிப்போன ஆட்டைப் பிடிக்கப் போனால், ஆடு வருவதற்குள் ரப்ஹா போய்ச் சேர்ந்து அதற்காகக் காத்திருப்பாள். அப்படிப்பட்ட கால்.

விதி பாருங்கள், அதே காலையில் இத்தோவின் கணவன் லஹ்சனுடைய அண்ணன் ஹம்முவும் பாவு ஓட்டும் நாளில் வந்தவர்களுக்கு ஊற்றும் கஞ்சியை மோப்பம் பிடித்துக் கிளம்பிவிட்டார். ஹம்மு நல்ல மனிதர். ஆனால் அவர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்று போய்ச் சேர்ந்தவர். போன வருடம் யாம்னா வீட்டுப் பாவுக்கு முதல் கால் வைத்தவரும் அவர்தான். அந்தக் கம்பளம் இன்றைக்கும் தறியிலேயே நிற்கிறது. அதன் மடிப்பில் கோழி அடை காத்து, குஞ்சும் பொரித்துவிட்டது.

வந்த விருந்தாளியை உள்ளே வராதே என்று சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. அதனால் இத்தோ கணவனை வாசலுக்கு வெளியே நிறுத்தி, ரப்ஹா வரும்வரை அண்ணனை எப்படியாவது பேச்சில் கட்டிப்போடச் சொன்னாள். லஹ்சன் கொடுத்த வேலையைக் குறைவில்லாமல் செய்தான். அக்ரூட் மரத்தடியில் பாய் விரித்தான். புதினாத் தேநீர் போட்டான். அண்ணன் விற்ற கழுதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டான். ஹம்முவிடம் அந்தக் கழுதையைப் பற்றிக் கேட்டால் போதும், அன்றைய பொழுது அங்கேயே சாயும்.

ரப்ஹாவும் புயலாகத்தான் வந்தாள். அவள் காலுக்கு வேகம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். நாக்குக்கு அதைவிட அதிகம் என்பதை மட்டும் இத்தோ கணக்கில் எடுக்கவில்லை. கழுதைப் பேச்சு காதில் விழுந்ததும் ரப்ஹா அப்படியே நின்றாள். அது கழுதையே இல்லை, கழுதைத் தோல் போர்த்திய ஆடு என்றாள். ஹம்மு மெல்ல மறுத்தார். அவள் பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கையில் லஹ்சன் கோப்பையைக் கொடுத்தான். குடிக்கிற விருந்தாளியை எழுப்ப அவன் வளர்ந்த வீட்டில் யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை.

உள்ளே வெயில் முற்றத்தின் பாதியைத் தாண்டியது. வெளியே சிரிப்புச் சத்தம். தான் போய் ரப்ஹாவைக் கூட்டிவரட்டுமா என்று தூதா எழுந்தாள்.

"உக்காருடி. நீ போயிட்டுத் திரும்பி வந்தா, முதல் கால் உன்னுதாயிடும். பகலெல்லாம் கண்ணாடி முன்னாடி நிக்கிற காலு," என்றாள் இத்தோ.

இன்னொரு சிரிப்பு கேட்டது. இத்தோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. உருண்டையைக் கூடையில் எறிந்துவிட்டு வெளியே பாய்ந்தாள். கணவனுக்கு ஒரு வசவு, அவன் அண்ணனுக்கு மரியாதையோடு ஒரு வசவு, கழுதைக்கு ஒரு வசவு. ரப்ஹாவின் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி, அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு, தானே முன்னால் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

யாம்னா வாயைப் பொத்திக்கொண்டாள். தூதா முளையைப் பார்த்தாள்.

இத்தோ தன் காலைப் பார்த்தாள். ஊரில் யார் கால் எப்படி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். தன் கால் எப்படி என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. சொல்லவும் இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவளுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மகளின் போர்வையைத் தானே கெடுத்துவிட்டோமோ என்று கண் கலங்கியது.

"என் காலு எப்படி? யாராவது சொல்லுங்க," என்றாள்.

ரப்ஹா குனிந்து முளைகளை எண்ணத் தொடங்கினாள். கடைசியில் தேநீர்க் கெண்டியோடு வாசலில் நின்ற லஹ்சன்தான் தொண்டையைச் செருமினான்.

"நீ கல்யாணமாகி இந்த வீட்டுக்குள்ள கால் வச்சப்ப நான் உக்காந்திருந்தேன். அன்னைக்கு எந்திரிச்சவன்தான். திரும்ப உக்காந்தது இன்னைக்குத்தான், அண்ணன் புண்ணியத்துல."

யாம்னா முதலில் சிரித்தாள். பிறகு தூதா. இத்தோ முக்காட்டில் கண்ணைத் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

"உக்காந்தது போதும் மனுஷா. போய் தறிக்கட்டையை எடுத்துட்டு வா."

அவள் சொல்லி முடிக்கும்போது அவன் பாதி வழி போயிருந்தான். பாவு வெயில் சாய்வதற்குள் ஓடி முடிந்தது. ஹம்முவும் வந்து சேர்ந்தார், கஞ்சி ஆறிய பிறகு.

கடைசி ஆப்பிள் கூடையில் விழும் முன்பே போர்வை தறியை விட்டு இறங்கியது. அதை மடித்துப் பெட்டியில் வைத்த கையோடு இத்தோ மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினாள், எதற்கு இப்படி இழுத்தடிக்கிறீர்கள், கல்யாணத்தை முன்னால் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டு.