தலைவர் உட்கார்ந்த இடம்

மிருகக் காட்சிசாலையில் இருந்த ஆண் கொரில்லா திங்கட்கிழமை இறந்துபோனது. புதன்கிழமை காலை பல் மருத்துவரின் காத்திருப்பு அறைக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு முன்பதிவு செய்யாமல் வந்த ஒரே ஆள் அதுதான். கன்னம் வீங்கிய ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். கடைவாய்ப் பல்லில் குழி விழுந்திருந்த அம்மாள், "எனக்கு அப்புறந்தானே இது?" என்று உதவியாளரிடம் உறுதி செய்துகொண்டாள். செத்த பிறகும் எடை குறையவில்லை என்பது பெஞ்சு போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. ஈர வைக்கோல் வாசனை வேறு. பல் மருத்துவர் கையுறையைக் கழற்றாமல் வெளியே வந்து பார்த்தாள். யார் இது என்று கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. மாடிப்படியைப் பார்த்து "அக்கா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அந்த வீட்டில் விளங்காதது எது நடந்தாலும் அக்காவின் தலையில்தான் விடியும்.

அக்கா கொரில்லாக்களை ஆராய்ச்சி செய்கிறவள். தெருவில் 'குரங்கு விஞ்ஞானி' என்பார்கள். குரங்குக்கு வால் உண்டு, இவற்றுக்குக் கிடையாது என்று அவள் திருத்துவாள். தெரு பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மறுபடியும் குரங்கு என்றே சொல்லும். அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு, முதுகு அக்கா. யாரோடு பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பதால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, "நான் பேசும்போது என் மூஞ்சியப் பாரு" என்று அதட்டினால், கீழ் வகுப்பிலிருந்து தங்கையை அழைத்து வருவார்கள். பால் பல் விழாத அந்த வாண்டு இடுப்பில் கைவைத்து, "மூஞ்சியப் பாத்தா அவளுக்குக் காது கேக்காது டீச்சர், முதுக காட்டினாத்தான் கேக்கும்" என்று விளக்கம் சொல்லும். பெற்றோர் உட்கார வைத்துக் கொடுத்த பொறுப்பில்லை அது. தானாக வந்து தோளில் ஏறிக்கொண்டது, அப்புறம் இறங்கவே இல்லை. துணிக்கடை, வங்கி, பேருந்து, உறவுக்காரர் வீட்டு விசேஷம், எங்கே போனாலும் அக்காவைக் கேட்ட கேள்விக்குத் தங்கை பதில் சொன்னாள். அக்காவுக்குத் தலைமுடி நரைக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது ஆட்டிசம் என்றார். "இதச் சொல்றதுக்கு இவ்வளவு வருஷமா?" என்று தங்கை அவர் மேஜை முன்னாலேயே சண்டைக்கு நின்றாள். அக்கா சன்னலைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணாங் கிளாஸ்லயே தெரியும், பேர்தான் தெரியாது" என்றாள்.

வேலையில் மட்டும் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. அவளுக்கு முன்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் கொரில்லாக் கூடத்துக்கு வந்ததும் கம்பிக்கு நேராக நின்று, கண்ணுக்குக் கண் பார்த்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்கள். கொரில்லாக்களுக்கு உற்றுப் பார்ப்பது வம்புக்கு இழுப்பது. பல்லைக் காட்டுவது அதைவிட மோசம். ஆகவே அவர்கள் சாணியடி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அக்கா போனாள், கம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவற்றைப் போலவே ஒரு கீரைத் தண்டைக் கடித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் கூட்டத்தின் தலைவரே வந்து அவள் முதுகுக்கு நேராகத் தன் முதுகை வைத்து உட்கார்ந்தார். கூண்டுக் காவலர்கள் வைத்த பெயர்தான் தலைவர். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர். யார் யார் பக்கத்தில் எப்போது உட்காருகிறார்கள் என்பதை வைத்தே அக்கா ஒரு தலையணைப் புத்தகம் எழுதினாள். பல தேசத்துக்காரர்கள் அதைப் பாராட்டினார்களாம். தெருவில் தையல்காரம்மாதான் நியாயமான கேள்வியைக் கேட்டாள்: "உட்காருறதுக்கு ஒரு புத்தகமா? எங்க மாமனார் ரிட்டையர் ஆனதுலேர்ந்து உட்காந்துதான் இருக்காரு, அவரப் பத்தி யாராச்சும் ஒரு வரி எழுதினாங்களா?" தங்கை அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. எக்ஸ்ரே எந்திரம் ஆடாமல் நிற்க ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருந்தாள்.

ஒருமுறை தலைவருக்குப் பல்வலி வந்தது. அக்கா போய்த் தங்கையைத்தான் கூட்டிவந்தாள். மயக்க மருந்தில் மலை மாதிரி கிடந்தவர் முன்னால் நிறுத்தி, உற்றுப் பார்க்காதே, பல்லைக் காட்டாதே என்று பாடம் நடத்தினாள். "அவர் தூங்குறாரு அக்கா. நான் பல் டாக்டர், பல்லப் பாக்காம என்னத்தப் பாக்கறது?" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டு, சீழ் வைத்த பல்லைப் பிடுங்கினாள். முடிந்ததும், எல்லா நோயாளிகளிடமும் சொல்கிற பழக்கத்தில், "இன்னிக்கு சூடா எதுவும் சாப்பிட வேண்டாம். ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க" என்று அவர் தாடையைத் தட்டிவிட்டாள்.

"அவரால வர முடியாது. கூண்டுல இருக்காரு" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா. வாய் தவறி வந்துடுச்சு."

"வர முடியாதவங்ககிட்ட வாங்கன்னு சொல்லக் கூடாது."

பிறகு சில வருஷங்கள் கழித்து இதயம் நின்று தலைவர் இறந்தார், மேலே சொன்னபடி வந்தார். பார்த்த எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்: அக்காவைத் தேடி வந்திருக்கிறார். அக்கா மட்டும் மாடியிலிருந்து இறங்கி, அவர் முதுகை ஓரக்கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

பல் மருத்துவமனையில் பல்லுக்குக் கோபப்படுகிற ஒருவரை வைத்துக்கொண்டு தொழில் நடத்துவது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. முதல் வாரத்திலேயே தலைவர் மேஜை மேல் மாதிரிக்கு வைத்திருந்த சுண்ணாம்புத் தாடையை நசுக்கித் தூளாக்கினார். சுவரில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பப் படத்தைத் திருப்பிப் போட்டார். வாசல் பலகையில் வரைந்திருந்த பளீர்ப் பல்வரிசையைக் கிழித்து எறிந்தார். பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வெளியே வந்த ஒரு மாப்பிள்ளைப் பையன் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துச் சிரிக்கப் போக, தலைவர் எழுந்து மார்பில் அறைந்த அறையில் விளக்குகள் மினுங்கின. பையன் செருப்பை மறந்து ஓடினான். மத்தியானமானால் வாரப் பத்திரிகைகளையும் பஞ்சையும் பிய்த்துப் போட்டு ஒரு கூடு கட்டி அதில் படுத்துக்கொள்வார். உதவியாளர் பெருக்குவாள், அவர் மறுபடி கட்டுவார். பாதி நோயாளிகள் பேருந்து நிலையத்துப் பல் மருத்துவரிடம் போய்விட்டார்கள். யாரோ புகார் கொடுத்து, சுகாதார ஆய்வாளர் வந்தார். நாய்க்கு விதி இருந்தது, பூனைக்கு விதி இருந்தது, கோழிக்குக்கூட இருந்தது. இறந்த பிராணி நடமாடினால் என்ன செய்வது என்பதற்கு இல்லை. "உயிருள்ள விலங்கு எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிவிட்டு, பல்லைக் காட்டாமல் கும்பிடு போட்டுப் போனார். தங்கையின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில், மீதி தூக்கத்தில். விடுமுறைக்கு வந்தவர் தலைவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தார், வந்து படுத்தார். அவரிடம் போய் என்ன யோசனை கேட்பது?

காட்டிவிட்டுப் போங்க என்று தான் சொன்னது ஒருநாள் தங்கைக்கு நினைவு வந்தது. அதற்குத்தான் வந்திருப்பாரோ என்று பயபக்தியாக அவரை நாற்காலிக்கு அழைத்தாள். தலைவர் எழுந்து வந்தார். நாற்காலி தாங்காது என்பதால் தரையில் உட்கார வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியை உள்ளே விட்டுப் பக்கவாட்டில் பார்த்தாள். பிடுங்கிய இடம் அருமையாக ஆறியிருந்தது. "எல்லாம் சரியாயிடுச்சுங்க. இனிமே நீங்க வர வேண்டியதில்ல" என்று குரலில் தேன் தடவிச் சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டு பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தார். உதவியாளர் சிரிப்பை அடக்க வாயில் பஞ்சை வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீடு திரும்பியதும் தங்கைக்குப் பொறுமை அறுந்துவிட்டது. "உன் கொரில்லாவ உன்னோட கூட்டிட்டுப் போ. சின்ன வயசுலேர்ந்து உன்னக் கட்டி மேய்க்கிறேன், இப்ப செத்ததையும் நானே மேய்க்கணுமா? போ, எங்கயாவது போ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். தையல்காரம்மா எந்திரத்தை நிறுத்திவிட்டே கேட்டாள். வேறு எந்த அக்காவாக இருந்தாலும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை கொடுத்து, அழுது, சாப்பிடாமல் படுத்து, காலையில் சமாதானமாகியிருப்பாள். இந்த அக்கா போ என்றால் போகிறவள். "என் கொரில்லா இல்ல" என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டு காட்சிசாலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துப் போய்விட்டாள். தங்கை சன்னலில் நின்று, தலைவர் எழுந்து அவள் பின்னால் போவார் என்று காத்திருந்தாள். தெருவே காத்திருந்தது. தலைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு ஏப்பம் விட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு விநோதம் நடந்தது, அதாவது தலைவரைத் தவிர இன்னொன்று. தங்கைக்குப் பேச்சு மிச்சம் விழுந்தது. இத்தனை காலம் இரண்டு பேருக்காகப் பேசி வந்தவள், இப்போது ஒருவர் பங்குதான் செலவானதால், மீதி வாயில் தேங்கி நின்றது. நோயாளியின் வாயில் கருவியை வைத்துக்கொண்டு அவர் சார்பாகத் தானே வலிக்கிறது என்றாள், தானே பரவாயில்லை என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் எதிரில் இருந்த காலி நாற்காலிக்காக, "அவளுக்குக் குழம்பு தட்டுல படக் கூடாது, தனியா வைங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். வீட்டை விட்டு அக்கா போனால் தலைவலி போகும் என்று நினைத்திருந்தாள். போனது அக்கா மட்டும்தான். இப்படியே போனால் தொழிலும் இருக்காது, கூடப்பிறந்தவளும் இருக்க மாட்டாள் என்று தெரிந்தபோது, மருத்துவமனையைப் பூட்டிவிட்டுக் காட்சிசாலைக்குக் கிளம்பினாள். மன்னிப்புக் கேட்க இல்லை, சண்டை போடத்தான்.

அக்கா கொரில்லாக் கூடத்தில் வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "வந்து உன் ஆளக் கூட்டிட்டுப் போக்கா. உன்னத் தேடி வந்துட்டு இப்ப நகர மாட்டேங்கிறாரு" என்று நின்றபடியே ஆரம்பித்தாள் தங்கை.

அக்கா முதுகாலேயே கேட்டாள். "எங்க உட்காந்திருக்காரு?"

"வேற எங்க, காத்திருக்கிற ரூம்ல."

"அது தெரியும். யார் பக்கத்துல?"

தங்கை யோசித்துப் பார்த்தாள். நோயாளிகள் பக்கத்தில் இல்லை. அவள் பல் பார்க்கும்போது அந்த அறை வாசலில். அவள் கருவிகளைக் கொதிக்க வைக்கும்போது அந்த நிலைப்படியில். மத்தியானம் நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்ளும்போது சமையலறை மூலையில். "நான் எங்க இருக்கேனோ அங்க, வழிய மறைச்சுக்கிட்டு. அதானே என் ரோதனையே!"

"கை நீட்டினாத் தொடுற தூரமா?"

"ஆமா."

அக்கா வெகுநேரம் பேசவில்லை. தங்கைக்கு நாக்கு அரித்தது. ஏதோ எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அக்கா சொன்னாள்: "கூட்டத்துல யாராவது ரொம்பக் களைச்சுப் போயிருந்தா அவங்க பக்கத்துல போய் உட்காருவாரு. அவங்களும் உட்காருற வரைக்கும் இருப்பாரு. அவர் உனக்காக வந்திருக்காரு."

"எனக்கா? எனக்கு என்ன களைப்பு? நாள் பூரா ஸ்டூல்ல உட்காந்துதானே வேலை பாக்கறேன்?"

"அது உட்காருறது இல்ல. வேலை."

"நான் களைச்சிருக்கேன்னு யார் சொன்னது?"

"எனக்காகப் பேசிப் பேசிக் களைச்சுட்ட. நான் பேச மாட்டேன்னு எல்லாரும் நினைச்சாங்க. எனக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். அதுக்குள்ள நீ சொல்லிடுவ."

தங்கைக்கு வந்த கோபத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த குட்டி தாயின் முதுகில் ஏறிக்கொண்டது. "இத இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?"

"சொல்ல ஆரம்பிச்சேன். பல தடவ. நீ முந்திக்கிட்ட."

இதற்கும் தங்கையிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினாள். நிற்கக் கால் வலித்தது. அது எப்போதிலிருந்து வலிக்கிறது என்பதே அவளுக்கு நினைவில்லை. அக்காவுக்கு முதுகு காட்டி, சிமென்டுத் தரையில், வெள்ளை அங்கியோடு உட்கார்ந்தாள். காவலர்கள் பார்த்துவிட்டு, குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அக்கா பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது யாராவது அவளைக் கேள்வி கேட்டால் தங்கை உதட்டை இறுக்கி, கூரையைப் பார்த்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறாள். பதில் வரும்போது வருகிறது. ஜாக்கெட்டுக்குக் கை நீளம் எவ்வளவு வேண்டும் என்று தையல்காரம்மா கேட்டதற்கு, மறுநாள் மாலை சன்னல் வழியாக "முழங்கை வரைக்கும்" என்று பதில் வந்தது. அதற்குள் தையல்காரம்மா தைத்து முடித்திருந்தாள். இனிமேல் பேச்சுக்குக் காத்திருந்துதான் தைக்க வேண்டும் என்று தெரு முழுக்கப் புலம்பினாள், ஆனால் காத்திருக்கிறாள்.

தங்கை களைப்பைப் போக்கினால் தலைவர் போய்விடுவார் என்பதுதான் கணக்கு. போகவில்லை. காரணம் தங்கைதான். அவர் பக்கத்தில் உட்காருகிறாள். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், கொஞ்ச நேரம் கண்ணைக்கூட மூடுகிறாள். தலைவர் தொண்டைக்குள் உறுமிக்கொண்டு எழத் தயாராகிறார். அந்த நேரம் பார்த்து, அடுப்பில் பால் வைத்தேனே, பல் கட்டுகிறவனுக்குப் போன் பண்ணவில்லையே என்று துள்ளி எழுந்து ஓடுகிறாள். தலைவர் பெருமூச்சு விட்டு மறுபடியும் உட்காருகிறார். உட்காருவது அவளுக்கு இன்னும் கைவரவில்லை. "பழகும்" என்கிறாள் அக்கா. எப்போது என்று கேட்டதற்குப் பதில் வந்துகொண்டிருக்கிறது.

நோயாளிகள் மெல்லத் திரும்பிவிட்டார்கள். வாசல் தாண்டியபின் சிரிக்கவும் என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், கன்னத்தைப் பிடித்தபடி, பத்திரிகைக் கூட்டில் படுத்திருப்பவரை எட்டிப் பார்த்து, "ஏம்மா, இது செத்துப்போனதுன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று உதவியாளரைக் கேட்டார்.

"ஆமா, செத்துட்டாரு" என்றாள் அவள். "நீங்க வாயக் கொப்பளிச்சுட்டு வந்து அந்த ஓரமா உட்காருங்க."