ஒரே அடுப்பு

ஒரு குடும்பம் பாகம் பிரிந்துவிட்டதா, சேர்ந்தே இருக்கிறதா என்பதை எங்கள் முன்சீப் கோர்ட் அடுப்பை வைத்துத்தான் முடிவு செய்யும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. மகாநதிக் கரைக் கிராமங்களில் அண்ணன் தம்பிகள் பிரிந்தால் பத்திரம் எழுதுவதில்லை. வாயால் பேசி, முற்றத்தின் நடுவே ஒரு மூங்கில் தட்டியை நட்டுக்கொள்வார்கள். தட்டியைப் பிடுங்கிவிட்டால் அடையாளம் போயிற்று. சோறு எங்கே வெந்தது என்பதை மட்டும் அக்கம்பக்கம் தினமும் பார்த்திருக்கும். அதனால் வக்கீல் எழுந்ததும் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை அடுப்பு என்பதுதான்.

குந்தலா பரிடாவின் வழக்கு முழுவதும் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவன் அபிமன்யு காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. இறக்கும்போது அவன் தம்பி தைதாரியை விட்டுப் பிரிந்திருந்தான் என்றால், அவனுடைய பாதி நிலம் அவள் உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு. பிரியவில்லை என்றால் மொத்தமும் தைதாரிக்கு, அவளுக்குச் சோறும் சேலையும் மட்டும். அபிமன்யுவின் கருமாதி முடிந்த மறுநாளே தைதாரி தட்டியைப் பிடுங்கி மாட்டுக்கொட்டகைக்கு அடைத்துவிட்டான். அவளுடைய அடுப்பை உடைத்து மண்ணை வாழைக்குக் கொட்டிவிட்டான்.

நான் அதில் யாருக்கும் வக்கீல் இல்லை. என் வழக்கு கூப்பிடப்படும்வரை பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குந்தலாவுக்கு சுதர்சன் மஹாந்தி ஆஜரானார். பக்கத்து வீட்டுச் செக்கான் கூண்டில் நின்றான்.

"சொல்லுய்யா, அந்த வீட்ல எத்தனை அடுப்பு புகைஞ்சுது?"

"புகை எல்லாம் கூரைக்கு மேல போனா ஒண்ணாயிடுதே, பாபு. நான் எப்படிப் பிரிச்சு எண்ணுவேன்?"

கோர்ட்டே சிரித்தது. வங்காளி முன்சீப்பும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீ அவங்க வீட்டுக்கு எண்ணெய் ஊத்துறவன். எத்தனை ஜாடியில ஊத்துனே?"

"குடுத்த ஜாடியில ஊத்துனேன், பாபு."

தைதாரியின் நிலத்தில் செக்கானின் மாடு மேய்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. மற்ற சாட்சிகளும் அப்படித்தான். குந்தலாவின் பக்கம் பேச அவளுடைய தம்பி ஒருவன் மட்டும் வந்தான். உறவுக்காரன் சாட்சி எவ்வளவு எடை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குத்தான் குந்தலா முக்காட்டுக்குள்ளிருந்து பேசினாள். "சாட்சி வேண்டாம் ஹுஜூர். தைதாரி கையில நிர்மால்யத்தை வச்சுக்கிட்டு, ஒரே அடுப்புன்னு சொல்லட்டும். சொல்லிட்டா எனக்கு நிலம் வேண்டாம்."

நிர்மால்யம் என்பது பூரி ஜகந்நாதரின் பிரசாதச் சோற்றை உலர்த்தி வைப்பது. எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு இல்லை. சாகிறவன் வாயில் அதைத்தான் போடுவோம். அதைக் கையில் வைத்துப் பொய் சொல்பவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு கட்சிக்காரர், "எதிராளி இன்ன சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்" என்று சொல்லலாம். எதிராளி ஒப்புக்கொண்டு சத்தியம் செய்துவிட்டால், அவன் சொன்னதுதான் முடிவான சாட்சி. அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேச முடியாது. வெள்ளைக்காரன் நம்முடைய சாமியைத் தன்னுடைய இயந்திரத்தில் ஒரு பல்சக்கரமாகப் பொருத்திய இடம் அது. முன்சீப்புகளுக்கு இதில் கொள்ளை ஆசை. ஒரு வழக்கு ஒரே காலையில் தீரும்.

சுதர்சன் பாபு மனுவை எழுதும்போது, ஊர் வழக்கப்படி "தன் மகன் தலைமேல் கை வைத்து" என்றும் சேர்த்தார். குந்தலா அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பனாவைப் பத்தின வரியை அடிச்சிருங்க" என்றாள்.

"மகன் தலையில கை வச்சாத்தான்மா அந்தப் படவா பயப்படுவான்."

"வேண்டாம் பாபு. அது நான் வளர்த்த புள்ளை. பால் மறந்ததிலேருந்து என் பக்கத்துலதான் படுக்கும்."

அவள் அடிக்கச் சொல்லியிருக்காவிட்டாலும் முன்சீப் அடித்திருப்பார். மூன்றாம் மனிதருக்குக் கேடு வரும்படியான சத்தியத்தைச் சட்டம் ஏற்காது. தைதாரியை அழைத்துக் கேட்டார்கள். அவன் "செய்யறேன்" என்றான். ஊர்க் கோவிலுக்குப் போய்ச் சத்தியத்தை வாங்கி எழுதி வரும் கமிஷனராக, பின்பெஞ்சில் சும்மா இருந்த என்னை முன்சீப் நியமித்தார்.

கோவிலில் ஊரே கூடியிருந்தது. தைதாரி குளத்தில் முழுகி, ஈரவேட்டியோடு படியேறி வந்தான். பூசாரி அவன் உள்ளங்கையில் நாலு பருக்கை நிர்மால்யத்தை வைத்தார். நான் கேள்வியை வாசித்தேன். உன் அண்ணன் அபிமன்யு சாகும்போது உங்கள் வீட்டில் ஓர் அடுப்பா, இரண்டு அடுப்பா?

"ஒரே அடுப்பு."

குரல் உடையவில்லை. உள்ளங்கையிலிருந்து ஒரு பருக்கை மட்டும் கீழே விழுந்தது. பூசாரி பதறிக் குனிந்து அதை எடுத்தார். நான் எழுதி முடித்து அவன் கட்டைவிரலை மையில் தோய்த்தேன்.

குந்தலா அழவில்லை. கூட்டம் கலைந்ததும் தூணோரம் வந்து நின்றாள்.

"எதுவரைக்கும், பாபு?"

"எது எதுவரைக்கும்?"

"காத்திருக்கணுமே. எங்க ஊர்ல அடுத்த பௌர்ணமி வரைக்கும். கோர்ட்டுக்கு வேற கணக்கா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் சத்தியம் என்பது முடிவு அல்ல, ஆரம்பம். சத்தியம் செய்தவன் வீட்டை அடுத்த பௌர்ணமி வரை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். மாடு செத்தாலோ, வைக்கோற்போர் எரிந்தாலோ அவன் பொய்யன். ஒன்றும் நடக்காவிட்டால்தான் மெய்யன். சட்டம் எழுதியவர்கள் சத்தியத்தை எடுத்துக்கொண்டு, காத்திருப்பதை வெளியே விட்டுவிட்டார்கள்.

"காத்திருக்கறது எல்லாம் இல்லம்மா. அவன் சொன்னதோட முடிஞ்சுது."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "சாமி பார்க்க வேண்டாமா, பாபு? இப்பத்தானே கேட்டிருக்கோம்?"

வழக்கு தள்ளுபடி ஆயிற்று. தீர்ப்பு அரைப் பக்கம். பரிடா சகோதரர்கள் ஒரே அடுப்பில் உண்டவர்கள், விதவைக்குத் தைதாரி சோறும் சேலையும் தரவேண்டும். ஆக, அவள் இனிமேல் அவன் அடுப்பிலிருந்துதான் சாப்பிட வேண்டும். பொய்யாக இருந்ததைத் தீர்ப்பு தானே உண்மையாக்கிக்கொண்டது.

மழை பிடித்தது. குளத்துத் தண்ணீர் கலங்கியது. மூன்று ஊர்களில் வாந்திபேதி. பௌர்ணமிக்கு முன்பே பனமாலி, அவர்கள் பனா என்று கூப்பிட்ட தைதாரியின் ஒரே மகன், காலையில் விழுந்து சாயங்காலம் செத்துப்போனான். கடைசியாக வாயில் நிர்மால்யம் போட்டவள் குந்தலா என்று சொன்னார்கள்.

ஊர் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. நாவிதன் தைதாரிக்குச் சவரம் செய்ய மறுத்தான். செக்கான் அவன் வாசலில் எண்ணெய்க் குடத்தை இறக்கவில்லை. கோர்ட்டில் புகையை எண்ணத் தெரியாதவன், இப்போது தான் ரெண்டு ஜாடியில் ஊற்றியதைச் சந்தையில் நின்று எல்லாருக்கும் சொன்னான்.

அந்த வாரமே தைதாரி என்னைத் தேடி வந்தான். மழிக்காத முகம், கன்னம் ஒட்டியிருந்தது. தீர்ப்பின் நகல் வேண்டும் என்றான், முத்திரை போட்டதாக.

"எதுக்குப்பா? நிலந்தான் உன்கிட்டயே இருக்கே."

"ஊர்ல படிச்சுக் காட்டணும், பாபு. கோர்ட் என்ன எழுதியிருக்கு? ஒரே அடுப்புன்னுதானே? ராணி முத்திரை இருக்கில்ல? அப்போ நான் பொய் சொல்லலையே?" என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "சொல்லுங்க பாபு. அப்போ என் புள்ளை வெறும் வாந்திபேதியிலதானே செத்தான்?"

நான் நகலுக்கு எழுதிக் கொடுத்தேன். பாதி நிலத்தை இவன் இனி ஒருநாளும் விடமாட்டான் என்று அப்போதே தெரிந்தது. விட்டால் மகனைக் கொன்றது யார் என்று ஆகிவிடும்.

நகல் கிடைத்த அன்று கோர்ட் வேப்பமரத்தடியில் சுதர்சன் பாபு அப்பீல் மனுவோடு உற்சாகமாக நின்றிருந்தார். சத்தியத்துக்கு எதிராக அப்பீல் நிற்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஊரே சாட்சிக்கு வரும்போது எந்த வக்கீலுக்குத்தான் கை அரிக்காது? குந்தலாவின் கைநாட்டு மட்டும் பாக்கி.

அவள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் பாபு. ஒரே அடுப்புதான்."

"என்னம்மா உளர்றே? ஊரே உன் பக்கம் நிக்குது! உன் சாமியே தீர்ப்புச் சொல்லிட்டாரு!"

"நான் ஒரு மாட்டைத்தான் நினைச்சேன்" என்றாள். "கொட்டகையில கிழட்டு எருது ஒண்ணு இருந்துச்சு. அதுதான் போகும்னு நினைச்சேன். தைதாரி சொன்னது பொய்னா, சத்தியம் கேட்டது யாரு? நான்தானே? என் புருஷன் சாகுறப்ப ஒரே அடுப்புதான் பாபு. நான்தான் மறந்துட்டேன். அப்படியே எழுதிக்குங்க."

"எழுதறதுக்கு இனி என்ன இருக்கு? ஏற்கெனவே அப்படித்தான் எழுதியிருக்கு" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, சுதர்சன் பாபு மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சாலையில் தைதாரி நின்றுகொண்டிருந்தான். மழை நனைக்காமலிருக்க நகலைத் தாழைமடல் குடைக்குள் பிடித்திருந்தான். அவன் தலை நனைந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும், "அண்ணி, நேரமாச்சு. வீட்ல இன்னும் உலை வைக்கலை" என்றான்.

"அரிசி இருக்கா?"

"இருக்கு."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.