மெத்தைக்கடையில் மல்லாந்தவன்

"எந்திரிடா! முதல்ல எந்திரி! தெருவே வேடிக்கை பார்க்குது!"

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு மாமா."

"என்னடா நாலு நிமிஷம்? என் அக்கா மகன் கண்ணாடிக்குப் பின்னாடி மல்லாந்து கெடக்கான், கேட்டா நாலு நிமிஷமாம்! குஸ்திக்காரன் குடும்பத்துல பொறந்துட்டு முதுகைத் தரையில வைக்கிறியே, வெக்கமா இல்ல?"

"தரை இல்ல ஓனர், ஸ்பிரிங் மெத்தை. எட்டு அங்குலம்" என்றாள் கடையின் விற்பனைப் பெண்.

"நீ சும்மா இரும்மா!"

மெத்தைக்கடைக்காரர் கத்தினால் நாலு கடை தாண்டிக் கேட்கும். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. தலையணை உறை வாங்குகிற சாக்கில் உள்ளேதான் நின்றிருந்தேன். சாக்கு என்று நானே சொல்லிவிட்டேன், போகட்டும்.

கட்டிலில் கிடந்தவனுக்கு எங்கள் தெருவில் பெயர் ஆமை. பள்ளிக்கூடத்திலிருந்தே மல்யுத்தம். பத்து வருஷம் அமெச்சூர் பந்தயங்களில் அவனுடைய தோள் இரண்டும் ஒருசேர விரிப்பில் பட்டதே கிடையாது. மல்யுத்தத்தில் அதுதான் எல்லாம். தோள் இரண்டும் பட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. அதனால் விழப்போகிறோம் என்று தெரிந்த கணமே இவன் குப்புறப் புரண்டு, தலையை உள்ளே இழுத்து, கைகால்களை மடக்கிக்கொள்வான். எதிராளி முதுகில் ஏறிப் பிறாண்டிப் பார்த்துவிட்டுச் சலித்துப்போவான்.

பதக்கம் நிறைய வந்தது, வேலைதான் வரவில்லை. அதனால் கலப்புச் சண்டைக்குப் போனான். அதையும் சொல்லிவிடுகிறேன்: கம்பி வலைக் கூண்டுக்குள் இரண்டு பேர், குத்தலாம், உதைக்கலாம், முறுக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். பொறுக்க முடியாதவன் கையால் தட்டினால் தோல்வி. அங்கே தோள் பட்டதா என்று எவனும் குனிந்து பார்ப்பதில்லை. முதுகைக் காட்டினால்தான் ஆபத்து. இவனோ முதல் சண்டையில் ஒரு குத்து வாங்கியதும் பழக்க தோஷத்தில் குப்புறப் புரண்டான். எதிராளி முதுகில் சவாரி செய்து கழுத்தைப் பிடித்தான். இவன் தட்டினான். இரண்டாவது சண்டையில் அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. நாற்காலியைத் தேடிப் பிடித்து நான் உட்காருவதற்குள் முடிந்துவிட்டது.

"பாய்ல விழுந்தா மல்லாந்து விழுடா, காலால அவனைப் பூட்டுடா" என்று கத்திக் கத்தி அவனுடைய கோச்சுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இன்னொன்று தோற்றால் நடையைக் கட்டு என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். மாமாவும் விடவில்லை. அம்மா முன்னால் சத்தியம் வாங்கினார்: மூன்றாவதும் போனால் மறுநாளே மெத்தைக் கடைக்கு வந்துவிட வேண்டும். கடைச் சட்டை ஒன்றைக்கூடத் தைத்து, மார்பில் பெயர் போட்டு வைத்துவிட்டார். அந்தச் சட்டையை ஆமை பார்த்த பார்வையை நான் பார்த்தேன். கூண்டுக்குள்கூட அவன் அப்படி வெலவெலத்ததில்லை.

மாமாவும் ஒரு காலத்தில் மல்யுத்த வீரர்தான். கல்லாவுக்கு மேலே அவர் யாரையோ அமுக்கிப் பிடித்திருக்கும் படம் மாட்டியிருக்கும். ஊருக்கெல்லாம் மெத்தை விற்கிற அந்த மனிதர் இன்றுவரை மல்லாந்து படுப்பதில்லை, ஒருக்களித்துத்தான் தூங்குவார். அவர் மனைவி சொன்னது, நான் கேட்காமலே.

விற்பனைப் பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர் கண்ணைமூடு. கடைக்கு வருகிறவர்களுக்கு நடுக்கடையில் படுத்துப் பார்க்கக் கூச்சம். ஓரத்தில் பட்டும் படாமல் உட்கார்ந்து, இரண்டு தடவை அமுக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். இவள் விடமாட்டாள். "செருப்போடவே படுங்க சார், அட்டை போட்டிருக்கேன். கண்ணை மூடுங்க. தோளை விடுங்க. யாரும் பார்க்கல" என்பாள். நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். விறைத்துக்கொண்டு வந்த பெரிய மனிதர்களெல்லாம் ஐந்தாவது நிமிஷம் வாயைத் திறந்து குறட்டை விட்டதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஆமை ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

"எனக்கும் சொல்லித் தருவியா?"

"படுக்கிறதுக்கா?"

"மல்லாந்து. பயப்படாம."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவளுடைய தொழில் திறமை.

பிடிபட்ட அன்று மாமா ஆடித் தீர்த்தார். ஆனால் கண்ணாடிக்கு வெளியே கூடிய கூட்டத்தில் இரண்டு பேர் உள்ளே வந்து, "அந்தப் பையன் படுத்திருக்கிற மெத்தை எது?" என்று கேட்டதும் குரல் இறங்கியது. எப்படியும் தோற்று இங்கேதானே வரப்போகிறான், மெத்தையைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரம் நடந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஆமை படுப்பான். கண்ணைமூடு ஒட்டடைக் குச்சியால் விலாவில் குத்துவாள். முதல் நாளெல்லாம் குச்சி படுவதற்குள் குப்புறப் புரண்டான்.

"சார், திரும்பக் கூடாது!"

"நான் திரும்பல, உடம்பு திரும்புது."

"உடம்புக்குச் சொல்லுங்க, இது மெத்தைக்கடை, குஸ்தி மேடை இல்லன்னு."

பிறகு பத்துக்கு எட்டு தடவை புரண்டான், பிறகு ஐந்து. கடைசி வாரம் தலையணை, மடித்த போர்வை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவன் மேல் எறிந்தாள். அவன் தோள் இரண்டையும் பரப்பியபடியே காலால் உதைத்துத் தள்ளினான். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஓடுகிறது என்று தெருவில் நாலு பேரிடம் நான்தான் சொன்னேன். மறைப்பானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சண்டை. இறகுப்பந்து ஆடுகிற ஹாலில் கூண்டு போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மாமா, கூடவே அவர் காலத்து மல்யுத்தக் கூட்டாளிகள் மூன்று பேர். பின்வரிசையில் நாங்கள். எதிராளி குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன், ஆள் நெட்டை. ஏணி என்று கூட்டமே கத்தியது.

முதல் சுற்றில் ஆமை அவனை இரண்டு தடவை தூக்கிப் போட்டான். மாமா விசில் அடித்தார். இரண்டாவது சுற்றில் ஏணியின் முழங்கால் எங்கிருந்தோ வந்து தாடையில் விழுந்தது. ஆமை சரிந்தான். அவன் உடம்பு குப்புறப் போகத் துடித்தது எனக்கே தெரிந்தது, இடது தோள் அரை அடி எழும்பியது. அப்புறம் என்ன நினைத்தானோ, மெதுவாகக் கீழே வைத்தான். தோள் இரண்டும் தரையில். கண்ணைக்கூட ஒரு கணம் மூடினான்.

முன்வரிசையில் நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"விழுந்துட்டான்!" என்றார் மாமா.

"ரெண்டு தோளும் பட்டுருச்சு. முடிஞ்சுது" என்றார் கூட்டாளி ஒருவர்.

மாமா பையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே போனார். மற்ற மூவரும் துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோலப் பின்னாலேயே போனார்கள். எனக்கு முட்டிவலி, சட்டென்று எழ முடியவில்லை. அதனால் மிச்சத்தைப் பார்த்தேன்.

முடித்துவிடலாம் என்று ஏணி மேலே பாய்ந்தான். ஆமை இரண்டு காலாலும் அவன் இடுப்பைப் பூட்டினான். ஏணி ஒரு கையைத் தரையில் ஊன்றினான், பாவம். அந்தக் கையைப் பிடித்து, மடக்கி, முதுகுப் பக்கமாக முறுக்கினான் ஆமை. ஏணி ஆமையின் தொடையில் மூன்று தட்டு தட்டினான். நடுவர் பாய்ந்து விலக்கினார்.

நாங்கள் தெருவுக்குத் திரும்பியபோது ஆமையின் வீட்டில் ஆறுதல் சொல்லப் பெண்கள் கூடியிருந்தார்கள். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாலும் உள்ளூர நிம்மதிதான், முகத்திலேயே தெரிந்தது. கடைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தார் மாமா. வீங்கிய கண்ணோடு ஆமை சிரித்துக்கொண்டே நுழைந்தான்.

"தோத்துட்டுச் சிரிக்கிறான் பாரு" என்றாள் அம்மா.

"ஜெயிச்சுட்டேம்மா."

"மாமா பார்த்தேன்னு சொன்னானே!"

"மாமா பாதியில ஓடிட்டாரு."

"யாருடா ஓடினது? ரெண்டு தோளும் பட்டுச்சா இல்லையா?"

"பட்டுச்சு மாமா."

"அப்ப நீ தோத்துட்ட. நாளைக்கு ஒன்பது மணிக்குக் கடை திறக்கணும்."

செல்போனில் படம் பிடித்திருந்த ஒருவர் நீட்டினார். மாமா பார்த்தார். தோள் படுகிற இடம் வந்ததும் விரலால் நிறுத்தி, "இதோ, முடிஞ்சுது" என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி போட்டார்கள். மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார். அதற்கு மேல் ஒரு வினாடி பார்க்க வைக்க எவராலும் முடியவில்லை. சத்தியம் செய்தவன் என்பதால் ஆமை மறுநாள் கடைக்கு வந்து அந்தச் சட்டையில் நின்றான். கிளப்பிலிருந்து போன்மேல் போன். எடுக்கவில்லை. இரண்டு நாளில் முகம் செத்துப்போயிற்று.

புதன்கிழமை ஏணி வந்தான், கையைத் தூளியில் கட்டிக்கொண்டு. ஒருக்களிக்கக் கூடாது, ஆறு மாதம் மல்லாந்துதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், நல்ல மெத்தையாக வேண்டுமாம். ஆமையைச் சட்டையில் பார்த்ததும் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

மாமா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "தம்பி, நீ சொல்லு. உன் தாய் மேல ஆணையா சொல்லு. அன்னைக்கு யாரு ஜெயிச்சது?"

"என்ன சார் கேள்வி? இவருதான்."

"இவன் தோள் ரெண்டும் பட்டுச்சே!"

"பட்டுச்சு சார். அதை நம்பித்தான் நான் கையை ஊனினேன்" என்றான் ஏணி. "இப்ப டீ குடிக்கக்கூட இன்னொருத்தர் டம்ளரைப் பிடிக்க வேண்டியிருக்கு. குஸ்தின்னு வச்சுப் பார்த்தா நான்தான் ஜெயிச்சேன். அந்தக் கோப்பையை எங்க போய் வாங்கறது, நீங்களே சொல்லுங்க."

மாமா திரும்பிப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். பிறகு ஆமையின் பக்கம் திரும்பாமலே, "சட்டையைக் கழட்டி வச்சிட்டுப் போடா" என்றார். ஆமை நடந்து போகவில்லை, ஓடினான்.

"நீங்க படுங்க சார்" என்றாள் கண்ணைமூடு ஏணியிடம். "கண்ணை மூடுங்க. யாரும் பார்க்கல."

ஏணிக்குக் கை சரியாக எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை சும்மா இருப்பானேன் என்று மாமா அவனைக் கடையிலேயே வைத்துக்கொண்டார். கையின் நீளம் போதாமல் புதுச் சட்டை தைக்க வேண்டியிருந்தது. மறு வருஷம் அவனும் கண்ணைமூடுவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆமைக்கும் அவளுக்கும்தான் என்று அடித்துச் சொன்ன என்னை நாலு பேர் இன்னும் குத்திக் காட்டுகிறார்கள். ஆமை பெரிய கிளப் ஒன்று கூப்பிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். பிள்ளை அங்கே என்ன சாப்பிடுகிறானோ என்று அம்மாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு பின்னாலேயே போனாள். அந்த வீட்டில் இப்போது ஒரு கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். வந்து ஏழு மாதமாகிறது, ஒரு நாள்கூடத் தெருவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தியதில்லை. யாருக்கு என்ன பிரயோஜனம்?