பூச்சிக்கடி

1
இந்தக் கதை ஒரு கைத்தட்டலில் பிறந்தது. 1983, பல்கலைக்கழக விரிவுரை மண்டபம். பாம்பு நஞ்சை ஆராய்ந்து இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார் பேராசிரியர். எல்லாரும் தட்டினார்கள். சீதா தட்டவில்லை. அவள் அம்மா வேலாயிக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது. (சீதா யார் என்று கேட்காதீர்கள். கோபம் மட்டும் என்னுடையது.)

2
முதல் தொடக்கம்: ‘பனி படர்ந்த பச்சைத் தேயிலைச் சரிவில்...’

வேண்டாம். அது சுற்றுலாத் தபாலட்டையில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது: 1974இல் கொழுந்து பறிக்கும்போது வேலாயியின் விரலில் பச்சை விரியன் கடித்தது. அதன் பெயரைச் சொன்னால் விஷம் ஏறிவிடும் என்பது லயத்து வரிசை வீடுகளின் சட்டம். பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரசர் டொனால்டிடம் போய், “பூச்சி கடிச்சிருச்சுங்கய்யா” என்றாள்.

டவுனில் பிறந்த டொனால்ட் ‘பூச்சிக்கடி’ என்று புத்தகத்தில் முத்து முத்தாக எழுதி, களிம்பு தடவி, வேலைக்குத் திருப்பி அனுப்பினார். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விரல் கறுத்துவிட்டது.

(டொனால்டை வில்லனாக்க மூன்று தடவை முயன்றேன். மனுஷன் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். கையையும் ஒரு பார்வை பார்த்திருந்தால் இரண்டு பல் பதிந்த தடம் தெரிந்திருக்கும்.)

அன்றிலிருந்து சிவன் காலண்டர்கூட அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. கழுத்தில் அது இருக்கிறதாம்.

3
1984. வேலாயிக்குப் பிரஷர். பழைய மாத்திரைகள் கேட்கவில்லை. டாக்டர் புதியதை எழுதிக்கொடுத்து, இதையும் விட்டால் பக்கவாதம்தான் என்றார். சீட்டைப் பார்த்ததுமே சீதாவுக்குப் புரிந்துவிட்டது. அதே மாத்திரை. (நஞ்சே உள்ளே இல்லை, நஞ்சைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்தது. இதை வேலாயியிடம் நீங்களே விளக்கிப் பாருங்கள்.)

வேலாயி அதை உள்ளங்கையில் உருட்டினாள்.

“எதுலேர்ந்துடி எடுத்தாங்க இத?”

“முழுங்கும்மா.”

“தெரியாததை வாயில போடமாட்டேன். இதுகூடத் தெரியாமத்தான் யுனிவர்சிட்டி போனியா லா?”

4
முடிவு அ: சீதா உண்மையைச் சொல்கிறாள். மாத்திரை சாக்கடைக்குப் போகிறது. உண்மை வென்றது. அம்மா...

அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: “பூச்சிலேர்ந்தும்மா” என்கிறாள். கெட்டிக்காரத்தனம்தான், பொய்யும் ஆகாது. ஆனால் அந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்ள வேலாயி என்ன டவுனில் பிறந்தவளா?

தண்ணீர் டம்ளர் சீதாவின் கையில் இருக்கிறது. அம்மா காத்திருக்கிறாள்.

“...............லேர்ந்தும்மா.”

நிரப்புங்கள். பட்டம் வாங்கிய எனக்கு வரவில்லை. கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். டொனால்டும் முத்து முத்தாகத்தான் எழுதினார்.