ஒண்ணா, ரெண்டா?

சௌந்தர்யா படிப்பது மனசைப் பற்றியா மூளையைப் பற்றியா என்று கேட்டால், இரண்டையும்தான். உளவியலும் நரம்பியலும் சேர்ந்த மூன்று வருடப் பட்டப்படிப்பு, வேலூரில் ஒரு கல்லூரியில். ஆம்பூரில் அவர்கள் தெருவுக்கு அதை விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். "டாக்டருக்குத்தானே?" என்பார்கள். இல்லையென்றால், "அப்போ நர்சுக்கா?" என்பார்கள். அவள் அம்மா பாக்யலட்சுமிக்கு அந்த வம்பெல்லாம் ஆகாது. "மூளைக்குப் படிக்குது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவாள்.

பாக்யலட்சுமி ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே நூல் முடிச்சு இருக்கிறதா, பசை திரண்டிருக்கிறதா என்று கண்டுபிடித்து, கெட்டதை ஒதுக்கிவிட்டு நல்லதை அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் பதினோரு வருடம் பேஸ்டிங்கில், தோலை ஒட்டும் சொல்யூஷன் பசை டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து தலைவலியோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். செக்கிங்குக்கு மாறி மூன்று வருடம். அவள் மேஜையைத் தாண்டிப் போன பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு சௌந்தர்யா எடுத்துக்கொண்டது இந்தத் தடவும் வேலையைத்தான். நாள் முழுக்கத் தோலைத் தடவுகிற விரலுக்கு மற்றவர்களின் விரலைவிட உணர்ச்சி கூர்மையாக இருக்குமா? கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர். கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல் நுனியில் சில தடவை ஒரு முனையையும் சில தடவை இரண்டு முனைகளையும் வைக்க வேண்டும். ஒண்ணா, ரெண்டா என்று அவர்கள் சொல்ல வேண்டும். மொத்தம் இருபது தடவை. எதற்குப் பிறகு எது என்று அவள் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள்.

அந்தச் சீட்டைப் பார்த்த உளவியல் பேராசிரியை அம்பரீன் மேடம் சிவப்பு மையில் எழுதினார்: 'எல்லோருக்கும் ஒரே வரிசையை வைக்காதே. ஆளுக்கு ஆள் மாற்று. மனிதர்கள் மனப்பாடம் செய்யக்கூடியவர்கள்.' இருபது ஒண்ணு ரெண்டை எவள் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணப் போகிறாள் என்று சௌந்தர்யா அதை அப்படியே விட்டுவிட்டாள். சோம்பல், வேறென்ன.

அதோடு நின்றாளா? இல்லை. அனுமதி கேட்கப் போன இடத்தில் கம்பெனி மேனேஜர் பிரேம்நாத், "நீ டெஸ்ட் எடுத்துட்டுப் போய்டுவ. எனக்கு இன்னாம்மா யூஸு?" என்றார். எங்கே முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பதற்றத்தில், "யாருக்குக் கை நல்லா இருக்கு, யாருக்கு கம்மின்னு பேரோட ரிசல்ட் தர்றேன் சார்" என்று வாயை விட்டாள் அவசரக்குடுக்கை. யாருடைய பெயரும் வெளியே போகாது என்று அவளே அச்சடித்த ஒப்புதல் படிவம் நாற்பது அப்போது அவள் பையிலேயே இருந்தது. பிரேம்நாத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். விண்ணப்பத்தையும் அதோடு இணைத்திருந்த சீட்டின் நகலையும் ஃபைலில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகைக்கு அம்மாவை உட்கார வைத்தாள்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

வைத்தது இரண்டு. அடுத்ததும் தப்பு. இருபதில் ஒன்பதுதான் சரி. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்கும். டிவைடரை இன்னும் அகலமாக விரித்தாள். வேறு விரலில் வைத்தாள். இடது கைக்கு மாறினாள்.

"அம்மா, விளையாடாத."

பாக்யலட்சுமி கண்ணைத் திறந்தாள். "விளையாடலடி. தெரியல."

"எத்தினி நாளா?"

"பேஸ்டிங்ல இருந்தப்பவே. மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துது. அப்பறம் அதுவும் போய்டுச்சி."

"அப்போ கம்பெனில எப்டி செக் பண்ற?"

பாக்யலட்சுமி டிவி மேல் கிடந்த மகளின் தோல் பர்ஸை எடுத்தாள். அதைக் கீழுதட்டில் வைத்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தாள். "இங்க ஒரு முடிச்சு இருக்கு, பாரு."

சௌந்தர்யா விரலால் தேடினாள். இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவைதான் கிடைத்தது, கடுகு அளவு முடிச்சு. மூளையில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு. அதில் முதுகுக்குத் துளி இடம், விரலுக்கும் உதட்டுக்கும் ஏக்கர் கணக்கில் இடம். மூன்றாவது செமஸ்டரில் அந்தப் படத்தை வரைந்து நல்ல மார்க் வாங்கியவள் அவள். அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.

"பக்கத்து மேஜ முனவ்வர் கேலி பண்ணும், இன்னா பாக்யா, ஷூவுக்கு முத்தம் குடுக்கிறியான்னு. சொல்யூஷன் வாடை பாக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"டாக்டர்கிட்ட போலாம்மா. இத இப்டியே வுடக் கூடாது."

"போலாம். மேனேஜருக்குப் பேரோட தர்றேன்னு சொன்னியே, அந்த லிஸ்ட்ல எம்பேரு வருமா, அத மொதல்ல சொல்லு. தெரிஞ்சா திரும்ப பேஸ்டிங்ல உக்கார வெச்சிடுவான்."

விரலைத் தின்றது அந்தச் சொல்யூஷன் டப்பாதான் என்று சௌந்தர்யாவுக்குச் சந்தேகமே இல்லை. திரும்ப அதன் முன்னால் உட்கார்ந்தால் அடுத்தது கால். பெயரோடு தருகிறேன் என்று சொன்ன தன் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு மேனேஜரிடம் ஓடினாள். "பேரெல்லாம் தரக் கூடாது சார். அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன்."

பிரேம்நாத் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. "பரவால்லம்மா, ஒனக்கு எதுக்குப் பேஜாரு. சீட்டு எங்கிட்ட இருக்கு, டிவைடரும் இருக்கு. நானே பாத்துக்கறேன். உங்கம்மாகிட்டருந்தே ஆரம்பிப்போம். எந்தப் பீஸ எடுத்தாலும் மூஞ்சிகிட்ட கொண்டுபோறாங்க, ஏன்னு தெரியல. புதங்கிழம லஞ்சுக்கு அப்பறம்."

"நானும் வர்றேன் சார். சரியாப் பண்ணலன்னா தப்பா வரும்" என்றாள். அவள் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் அம்மாவிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. "என்னாலதாம்மா. எல்லாம் என்னாலதான்."

பாக்யலட்சுமி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கிழம வெச்சியே, அதே சீட்டா?"

"அதே சீட்டுதான்."

"சரி, அழுவாத. போய் மூஞ்சி கழுவு."

புதன்கிழமை லஞ்ச் முடிந்து மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. பிரேம்நாத் தன் அறையில் சீட்டை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டார். பாக்யலட்சுமி ஏப்ரனோடு வந்து உட்கார்ந்து வலது கையை நீட்டிக் கண்ணை மூடினாள். சௌந்தர்யா சுவரோரமாக நின்றாள்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

சரி. அடுத்தது ஒண்ணு, சரி. ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. ஐந்தும் சரி. ஒருவேளை உணர்ச்சி திரும்பிவிட்டதோ என்று ஒரு நொடி சௌந்தர்யா பைத்தியக்காரத்தனமாக நினைத்தாள். ஆறாவது தப்பு. ஏழு சரி, எட்டு சரி, ஒன்பது சரி. பதினான்காவதில்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. அம்மா, "ஒண்ணு" என்று சொன்னபோது டிவைடர் இன்னும் விரலைத் தொடவே இல்லை. நல்லவேளை, பிரேம்நாத்தின் கண் சீட்டில் இருந்தது.

இருபதாவதைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

"ரெண்டு."

"இருபதுக்குப் பத்தொம்போது" என்றார், நம்ப முடியாமல். பிறகு சிரித்தார். "நல்ல கை பாக்யா. போய் வேலையப் பாரு." பாக்யலட்சுமி கையை மூடி ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

ஷிஃப்ட் விடும்வரை சௌந்தர்யா கேட்டில் காத்திருந்தாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

"எப்போம்மா மனப்பாடம் பண்ண?"

"தண்ணி புடிக்கறப்ப, காய் அரியறப்ப, பஸ்ல. சீட்டுதான் டிவி மேலயே கெடந்துதே."

"ஆறாவது மட்டும் மறந்துட்ட."

"மறக்கல. வேணும்னேதான் தப்பாச் சொன்னேன். இருபதும் சரியாச் சொன்னா எவன் நம்புவான்?"

சௌந்தர்யா நடுரோட்டில் நின்று சிரித்தாள். மூன்று வருடமாக அவள் ஃபீஸ் கட்டிப் படிக்கிற படிப்பு, அம்மாவுக்குப் படிக்காமலேயே வந்திருக்கிறது. இனி ஆளுக்கு ஒரு சீட்டாக, அத்தனை பேருக்கும் புதிதாக எழுத வேண்டும், அதில் அம்மா பெயர் இருக்கவே கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அம்மாவும் சரியென்றாள்.

ஸ்டாப்பில் ஏகக் கூட்டம். பாக்யலட்சுமி பஸ் வருகிற திசையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவிரல் நுனியில் ரத்தம் காய்ந்திருந்ததை சௌந்தர்யா அப்போதுதான் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

"ரத்தம் வந்திருக்கேம்மா."

"எங்க?" என்றாள் பாக்யலட்சுமி, பஸ்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சௌந்தர்யா அந்த விரலைப் பிடித்து அழுத்தினாள். "இதோ புடிச்சிருக்கேனே. எந்த விரல், சொல்லு."

"சீட்டு இல்லாம எப்டிடி சொல்றது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள் அம்மா.